அம்மா வேஷத்துக்கு ஒரு ஷீல்டு

எங்கள் நாடகக் குழுவின் நோட்டீஸில் என் பெயர் கடைசி வரியில் வரும். நடிகர்கள், ஒளி, ஒலி, இசை, அரங்க அமைப்பு, ஒப்பனை எல்லாம் முடிந்த பிறகு ‘மேடை உதவி’ என்று ஒரு வரி. அதில் நான். எனக்குக் கீழே நேராக ஊறுகாய் விளம்பரம். இருபத்திரண்டு வருடமாக இதே இடம்தான். அச்சகக்காரர் இரண்டு முறை பெயரைத் தப்பாகப் போட்டார், ஒரு முறை போடாமலே விட்டுவிட்டார். அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணைத் தவிர.

மேடை உதவி என்றால் நாற்காலி நகர்த்துகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பிராம்ப்டர். மேடையின் பக்கவாட்டில், சபையோர் கண்ணில் படாத படுதா மறைவில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் நாடக நோட்டை வைத்துக்கொண்டு, வசனம் மறந்து நிற்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறவள். எங்கள் மாதிரிக் குழுக்களில் நடிப்பவர்கள் எல்லோரும் பகலில் வங்கியிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள். நானே அடையாறில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறேன். ஒத்திகைக்கு வாரத்தில் இரண்டு மாலை கிடைத்தால் பெரிய விஷயம், அதனால் மறப்பார்கள். மறந்ததும் முகத்தை மாற்றாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்புவார்கள். இப்போதைய மைக்குகள் எறும்பு நடந்தாலும் பிடித்துவிடும் என்பதால் நான் குரல் கொடுப்பதில்லை. உதட்டை மட்டும் அசைப்பேன், அவர்கள் அதைப் படித்துக்கொள்வார்கள். இந்த வேலையில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. யாரும் மறக்காவிட்டாலும் எல்லோருடைய வசனத்தையும் என் உதடு கூடவே சொல்லிக்கொண்டு போகும்.

மயிலாப்பூரில் உள்ள ஒரு சபா ஒவ்வொரு கோடையிலும் புது நாடகங்களுக்குப் போட்டி வைக்கும். பத்து மாலை, பத்து நாடகம். மூன்றாவது வரிசையில் மூன்று நடுவர்கள் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, இருட்டில் குனிந்து குனிந்து ஏதோ எழுதுவார்கள். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரிசளிப்பு விழா. வெளியே இருப்பவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயம், எங்களுக்கு இதுதான் வருடம். சிறந்த நாடகம் என்று பரிசு வாங்கினால் ஊரில் உள்ள மற்ற சபாக்கள் எல்லாம் கூப்பிட்டு நாள் கொடுக்கும். வாங்காவிட்டால் எழுதி, ஒத்திகை பார்த்து, செட்டு போட்டு உருவாக்கிய நாடகம் நாலு காட்சியோடு படுத்துவிடும்.

சென்ற வருடம் எங்கள் முறை வந்த அன்று மாலை நாலே முக்காலுக்கு சாருக்குப் போன் வந்தது. சார் எங்கள் குழுவின் தலைவர். எழுதுவது, இயக்குவது, சபா செயலாளர்களிடம் குழைவது எல்லாம் அவர் பொறுப்பு. போனில் பேசியது மேனேஜர் மாமி. தி. நகரில் ஒரு வங்கிக் கிளைக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பெயர். பதினோரு வருடமாக எங்கள் நாடகங்களில் அம்மா வேஷம் அவருக்குத்தான். மாமியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். திரை தூக்க இரண்டு மணி நேரம் இருந்தது.

சார் போனை வைத்துவிட்டு எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“உனக்கு அம்மா பாடம் தெரியுமோல்லியோ?”

“எனக்கு எல்லார் பாடமும் தெரியும் சார்,” என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அதுதானே என் வேலை.

சபாவுக்கு ஒரு விதி உண்டு. நோட்டீஸில் அச்சான நடிகர் மாறினால் முந்தின நாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நாடகம் நடக்கலாம், போட்டியில் சேராது. கடைசி நிமிஷத்தில் சீரியல் முகங்களைக் கொண்டுவந்து இறக்கிய குழுக்களால் வந்த விதி அது. “சொல்லாம விட்டுடுவோம்,” என்றார் சார். “நரைச்ச விக்கு, தடிக் கண்ணாடி, சுங்குடிப் புடவை. நடுவர்கள் மூணு பேரும் வெளியூர்க்காரா. யாருக்குத் தெரியப் போறது?” அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் மேக்கப்காரர் வடபழனியிலிருந்து வருவார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் தலையில் விக்கை அழுத்திக்கொண்டே, “மூஞ்ச ஆட்டாதக்கா,” என்றார். “இத்தினி வருசமா இருட்டுல குந்திக்கினு இருந்த மூஞ்சி. லைட்டு பட்டா கூசும், பயந்துக்காத.”

நாடகம் தொடங்கும் முன் நடிகர்கள் பெயரைப் பதிவு செய்த குரலில் ஒலிபரப்புவது எங்கள் வழக்கம். “அம்மாவாக” என்று சொல்லி மாமியின் பெயரைச் சொன்னது அந்தக் குரல். அந்தப் பெயரோடு நான் மேடைக்குள் போனேன். பக்கவாட்டில் என் ஸ்டூல் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. நான் மறந்தால் எனக்கு எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

சாரின் நாடகங்களில் எப்போதும் ஒரு அம்மா கஷ்டப்படுவாள், நடுவில் பன்னிரண்டு ஜோக் வரும். இதில் மகன் நங்கநல்லூர் ஃபிளாட்டை விற்க அம்மாவிடம் கையெழுத்துக் கேட்க வருகிறான். கடைசிக்கு முந்தின காட்சியில் நாலு நிமிஷம் அவன் மட்டும் பேசுவான். அம்மாவுக்கு வசனமே இல்லை, கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒத்திகையில் மாமி அந்த இடத்தில் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார், குழுவே கைதட்டும். எனக்குத் தலைப்பு ஞாபகமே வரவில்லை. ஒரு வார்த்தை தவறாமல் முழு நாடகமும் நடித்து முடித்தேன் என்ற திருப்தியோடு உள்ளே வந்தேன்.

மகனாக நடித்தவர் வேளச்சேரிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மேக்கப் அறையில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “அந்த நாலு நிமிஷமும் என் டயலாக்கை நீங்களும் கூடவே சொல்லிக்கிட்டிருந்தீங்கக்கா. வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு மறந்துடுச்சோன்னு நானே பயந்துட்டேன்.”

நாய் வாலை நிமிர்த்த முடியுமா? வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வெளிச்சத்தில் நின்றேன், அங்கேயும் பிராம்ப்டராகத்தான் நின்றிருக்கிறேன். வெட்கத்தில் ஒரு வாரம் குழுவில் யாருக்கும் போன் செய்யவில்லை.

பரிசளிப்புக்கு முந்தின நாள் சபா செயலாளர் சாரைக் கூப்பிட்டு, “அம்மா வேஷம் போட்டவாளை அவசியம் அழைச்சுண்டு வாங்கோ,” என்று சொல்லியிருக்கிறார். இந்த உலகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிறந்த துணை நடிகை.

மறுநாள் காலையில் சார் மந்தைவெளியில் என் வீட்டு வாசலில் நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள் வந்ததில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், காபி கொடுத்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். பேரைக் கூப்பிடுவா. மாமி மேல போவா, ஷீல்டை வாங்கிப்பா, போட்டோ எடுப்பா, எறங்கி வந்துடுவா. சிறந்த நாடகம் கடைசிலதான் சொல்லுவா. நமக்குத்தான்னு காத்துல சேதி வந்துண்டிருக்கு. அது வரைக்கும் நீ வாயைத் திறக்காம உட்கார்ந்துண்டிரு. அது போதும்.”

“அப்புறம் அந்த ஷீல்டு?”

“உன்னண்டையே குடுத்துடறேன்னு மாமி சொல்லிட்டா. உங்காத்துலயே வெச்சுக்கோ.”

“அதுல யார் பேர் சார் இருக்கும்?”

சார் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஷீல்டு எனக்கு வேண்டியதில்லை. வீட்டில் அலமாரியே கிடையாது, எங்கே வைப்பேன்? அந்த ஹாலில், அந்த மைக்கில், யாராவது ஒரு தடவை என் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், ஆசைதான். ஆனால் நான் எழுந்து சொன்னால் நாடகம் போட்டியிலிருந்து போய்விடும். குழுவில் பன்னிரண்டு பேர். வேளச்சேரிக்காரருக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைக்கலாம் என்று பேச்சு இருந்தது. அவர் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் விழாவுக்குக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே இருக்கிற புடவைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டேன். மேடை ஏறப் போவதில்லை என்று தெரிந்த பிறகு எதற்கு இஸ்திரி என்று என்னையே திட்டிக்கொண்டு போட்டேன்.

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்திருக்கிற கோலத்தில் சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதம். சபா கேண்டீனில் கூட்டம். கீரை வடைத் தட்டோடு நான் ஒரு தூண் ஓரம் நின்றேன். மேனேஜர் மாமி மாம்பழ நிறப் பட்டில், முகம் வெளுத்துப் போய் என்னிடம் வந்தார்.

“நேக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்லை. நான் போகட்டுமா, வேண்டாமா? நீயே ஒரு வார்த்தை சொல்லிடு.”

பதினோரு வருடமாக எங்கே நின்றாலும் என்னைப் பார்த்தே பழகியவர். மேடைக்கு வெளியிலும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போகாதீங்க என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, போங்க என்று சொல்லும் மனசும் இல்லை. அந்தப் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு அவர் பட்டுப் புடவையோடு மேடை ஏறலாம் என்றால் எப்படி?

“வடை ஆறிடும் மாமி. நீங்களும் ஒண்ணு வாங்கிச் சாப்பிடுங்க,” என்றேன்.

நாலாவது வரிசையில் எங்கள் குழு உட்கார்ந்தது. ஓர நாற்காலியில் சார். பிறகு வேளச்சேரிக்காரரும் அவர் குடும்பமும். பிறகு மாமி, நான், என் இந்தப் பக்கம் பாய். ஏசி குளிரில் எனக்குக் கால் விறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டேன்.

விழாவில் ஒரு ஒழுங்கு உண்டு. சின்னப் பரிசுகள் முதலில், சிறந்த நாடகம் கடைசியில். ஒவ்வொரு பரிசுக்கும் செயலாளர் நடுவர்களின் குறிப்பை வாசிப்பார், பிறகு பெயரைச் சொல்வார். வாங்குபவர் வணக்கம் போட்டு, போட்டோவுக்கு நின்று, இறங்கிவிட வேண்டும். பேசக் கூடாது. பேச விட்டால் எங்கள் ஆட்கள் மைக்கைத் திருப்பிக் கொடுப்பார்களா? ஒளியமைப்பு போயிற்று, இசை போயிற்று. அரங்க அமைப்புக்கு எங்கள் நாடகம். சார் தானே போய் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். நல்லபடியாகப் போகிறது, அப்படியே இரு என்று அர்த்தம்.

“சிறந்த துணை நடிகை,” என்றார் செயலாளர். காகிதத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

“நடுவர்கள் குறிப்பு. மகன் ஃபிளாட்டைப் பற்றிப் பேசும் நீண்ட காட்சியில், தாய்க்கு வசனமே கிடையாது. ஆனால் மகன் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசப் பேச, தாயின் உதடுகள் சத்தமில்லாமல் அதே வார்த்தைகளைச் சொல்கின்றன. பிள்ளை என்ன பேசப் போகிறான் என்பது அவனைப் பெற்றவளுக்கு முன்பே தெரியும் என்பதை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் இந்த நடிகை காட்டிவிட்டார்.”

வேளச்சேரிக்காரர் மாமியைத் தாண்டி எட்டி என்னைப் பார்த்தார், வாயைப் பிளந்துகொண்டு. பாய் முழங்கையால் இடித்தார்.

“அக்கா, இது உன்னுதுக்கா. உன் வாய்தான் இது.”

ஒரு வாரம் வெட்கப்பட்டுச் செத்தேனே, அதைத்தான் அந்த மூன்று பேரும் நடிப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் செயலாளர் பெயரைச் சொல்லிவிட்டார். மாமியின் பெயர்.

மாமி எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். மாமி மெதுவாக என் பக்கம் கழுத்தைத் திருப்பினார். நான் நேராக மேடையைப் பார்த்தேன். ஓர நாற்காலியிலிருந்து சார், “போங்கோ மாமி, போங்கோ,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மாமி எழுந்தார். பட்டு சரசரக்க என் முழங்காலை உரசிக்கொண்டு போனார்.

சிறப்பு விருந்தினர் சீரியல்களில் அம்மா வேஷம் போடுகிற ஒரு நடிகை. ஷீல்டை மாமி கையில் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். இறங்கிவிட்டால் தீர்ந்தது. மாமி திரும்பி இரண்டு அடி வைத்தும்விட்டார். அப்போது அந்த அம்மாள் செயலாளர் கையிலிருந்த மைக்கை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் இருங்க. நானும் இருபது வருஷமா அம்மாவா நடிச்சிட்டிருக்கேன். அந்த உதட்டு விஷயம் எனக்குத் தோணினதே இல்ல. அதை எப்படிப் பிடிச்சீங்க? ஒத்திகையில வந்துச்சா, மேடையில தானா வந்துச்சா? சொல்லுங்க, நானும் கத்துக்கறேன்.”

மைக்கை மாமியிடம் நீட்டினார். நன்றி என்று ஒரு வார்த்தையில் தப்பிக்க முடியாத கேள்வி. மாமி மைக்கை வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். முகம் மாறவில்லை. கண் மட்டும் திரும்பியது. நாலாவது வரிசைக்கு, எனக்கு.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ‘எங்க டைரக்டர் சொல்லிக் குடுத்தார்.’ நாலே வார்த்தை. யாருக்கும் சந்தேகம் வராது. சாருக்கு உச்சி குளிர்ந்துவிடும். விருந்தினர் தலையாட்டுவார், கைதட்டுவார்கள், மாமி இறங்குவார், சிறந்த நாடகம் எங்களுக்கு. மாமி அதை அப்படியே என் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடத்தில் நான் கொடுத்ததை அவர் ஒரு எழுத்துகூட மாற்றிச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் மேடையில் நின்று தவிக்கிற ஒருவரை நான் அப்படியே விட்டதும் இல்லை.

என் உதடு தானாகப் பிரிந்தது. பிரிந்தது எனக்கே தெரிந்தது. சார் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லை இறுக்கி, கீழுதட்டை உள்ளே இழுத்து, தலைப்பை எடுத்து மேலே பொத்திக்கொண்டேன். மாமியின் கண் என் மேலேயே இருந்தது. ஒத்திகையில் இந்த மாதிரி இடைவெளி விழுந்தால் எண்ணுவது என் பழக்கம். எட்டு வரை எண்ணினேன். அந்த எட்டில் மாமி நிஜமாகவே தனியாக நின்றார். அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. ஆனாலும் தலைப்பை எடுக்கவில்லை.

“அது நான் பண்ணலை,” என்றார் மாமி.

மைக்கில் அவர் குரல் கிறீச்சிட்டது. “அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில இருந்தேன். மாமியாருக்கு இடுப்பு ஒடைஞ்சு போயிடுத்து. எங்க பிராம்ப்டர்தான் விக்கை மாட்டிண்டு நடிச்சா. அந்த வாய் அவளோடதுதான்.” என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை, இனிஷியலோடு. வங்கியில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “அதோ, நாலாவது வரிசை.”

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது.

“மேல வாங்கம்மா,” என்றார் விருந்தினர், சிரித்துக்கொண்டே. நான் எழுந்தேன். செருப்பைக் காணோம். குனிந்து காலால் துழாவினேன். ஒன்று அகப்பட்டது, இன்னொன்றைப் பாய் நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். “போக்கா, போ. வெறுங்கால்லயாவது போ,” என்று தள்ளினார். அந்தச் செருப்பு தேடிய நேரத்துக்குள் செயலாளர் முன்னால் வந்து விருந்தினர் காதில் ஏதோ சொன்னார். பிறகு மைக்கில், “மன்னிக்கணும். இது போட்டி விதி சம்பந்தப்பட்ட விஷயம். நடுவர்களோட கலந்து பேசிட்டு அறிவிக்கிறோம். எல்லாரும் தயவு பண்ணி உட்காருங்கோ,” என்றார். எல்லோரும் என்றால் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஒரு செருப்பு மாட்டிய காலோடு உட்கார்ந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். வந்து அறிவித்தார்கள். எங்கள் நாடகம் போட்டியிலிருந்து விலக்கப்படுகிறது. இந்த வருடம் துணை நடிகை பரிசு யாருக்கும் இல்லை. அரங்க அமைப்புக்கு வாங்கிய ஷீல்டையும் சார் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். சிறந்த நடிகர் பரிசு வேறு யாருக்கோ போனது. வேளச்சேரிக்காரரின் சின்னப் பெண், “அப்பா உனக்கு இல்லையா?” என்று சத்தமாகவே கேட்டாள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனார். அது எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த வலிக்குக் கீழே ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த ஹாலில், அந்த மைக்கில், என் பெயர் இனிஷியலோடு கேட்டுவிட்டது.

வாசலில் மாமி ஆட்டோவுக்கு நின்றார். “நீ குடுத்திருந்தா எதுவா இருந்தாலும் சொல்லிருப்பேன்,” என்றார். “நீ குடுக்கலை. நேக்கு நிஜத்தைத் தவிர வேற எதுவும் வாயில வரலை.” திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஆட்டோ வந்தது, ஏறிவிட்டார்.

பின்னாலேயே சார் வந்தார்.

“ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்திருந்தா போறாதா? உன்னைத்தானே பார்த்துண்டு நின்னா?”

“நீங்கதானே சார் காலையில வீடு தேடி வந்து சொன்னீங்க, வாயைத் தெறக்காதன்னு.”

சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அவருக்கும் வசனம் மறந்துவிட்டது. கார் சாவியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆறு வாரம் குழுவிலிருந்து ஒரு போன் இல்லை. பிறகு ஒரு மாலை சார் கூப்பிட்டு, நங்கநல்லூரில் ஒரு சபா நாள் கொடுத்திருக்கிறது, ஐந்தரைக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னார். போனேன். நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். அம்மாவாக மாமி. கடைசி வரியில் நான். கீழே அதே ஊறுகாய். பாய் மட்டும் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “வா ஈரோயினி,” என்றார். வேளச்சேரிக்காரர் தலையாட்டினார், பேசவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து நாடக நோட்டைப் பிரித்தேன். கடைசிக்கு முந்தின காட்சியில், மகன் பேசும் நாலு பக்கத்துக்கு ஓரத்தில், சாரின் கையெழுத்தில் சிவப்பு மையால் புதிதாக ஒரு வரி இருந்தது. ‘மகன் பேசும்போது அம்மாவின் உதடுகள் அசைய வேண்டும்.’ அதற்கு முன்னால் இருந்த ‘கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்’ அடிக்கப்பட்டிருந்தது. யார் செய்தது, எப்படி வந்தது என்று ஒன்றும் இல்லை. நாடகம் எழுதிய நாளிலிருந்தே அங்கே இருந்த மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது.

காட்சி வந்தது. மாமி உதட்டை அசைத்தார். மகன் ஒரு வார்த்தை சொல்லி முடித்த பிறகு அதையே திருப்பிச் சொல்கிற மாதிரி, ஒரு வார்த்தை பின்தங்கியே அசைத்தார். பின்தங்கினால் அது பிள்ளையை அறிந்த தாய் இல்லை, காது மந்தமான தாய். வார்த்தையோடு கூடவே போக வேண்டும், முடிந்தால் இம்மி முன்னால். எனக்குத் தெரியும். காட்சி முடிந்து உள்ளே வந்த மாமி மூச்சிரைக்க என் ஸ்டூல் பக்கத்தில் நின்று, “சரியா வந்துதா?” என்று கேட்டார்.

“நல்லா வந்துச்சு மாமி,” என்றேன்.

அதன் பிறகு மூன்று முறை நாடகம் போட்டுவிட்டோம். மாமி இன்னும் ஒரு வார்த்தை பின்தங்கித்தான் அசைக்கிறார். நான் இன்னும் திருத்தவில்லை.